பாட்டுக்கு யாரிடம் பணம் கட்டுவது?

ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்துவிட்டால் மும்பை, டெல்லி உயர் நீதிமன்றங்களில் ஒரே மாதிரியான வழக்குகள் வரிசை கட்டுகின்றன. புத்தாண்டு இரவுக்கு ஆட்டம் பாட்டம் என்று விளம்பரம் செய்திருக்கும் ஓட்டல்கள், ரிசார்ட்டுகள், பப்புகள் மீது இசை உரிமை வைத்திருப்பவர்கள் தொடுக்கும் வழக்குகள் அவை. எங்கள் உரிமம் இல்லாமல் எங்கள் பாடல்களை ஒலிக்கவிடக் கூடாது என்று தடை கேட்கிறார்கள். பல நேரம் தடை கிடைத்தும் விடுகிறது. வக்கீல் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓட்டல்காரருக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. பாட்டுப் போட நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? கட்டத்தான் வேண்டும் என்றால் யாரிடம் கட்டுவது? முதல் கேள்விக்குச் சட்டத்திலும் நியாயத்திலும் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கோ நம் உயர் நீதிமன்றங்களே ஒன்றுக்கொன்று மாறான பதில்களைச் சொல்லியிருக்கின்றன. இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவதை மட்டும் வலியுறுத்திக்கொண்டிருந்தால், நியாயமான ஒரு கடமை மிரட்டலாகவே மக்களுக்குத் தோன்றும். பாடலை உருவாக்கியவர்களுக்கும் அதனால் நன்மை இல்லை.

ஓட்டல் தொடங்குகிறவர் பல அனுமதிகளை வாங்கிப் பழகியவர்தான். உணவுப் பாதுகாப்பு உரிமம், உள்ளாட்சியின் தொழில் உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, நிகழ்ச்சி நடத்தக் காவல்துறை அனுமதி என்று பட்டியல் நீளும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதியும் அவருக்குத் தெரியும். அலைச்சல் உண்டு, தாமதம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒரு விண்ணப்பம், விதியில் எழுதப்பட்ட ஒரு கட்டணம் இருக்கிறது. பாட்டுக்கான உரிமம் இந்தப் பட்டியலில் சேராது. அது அரசு கொடுக்கும் அனுமதி இல்லை. இன்னொருவரின் சொத்தைப் பயன்படுத்த அந்த உரிமையாளர் தரும் சம்மதம். சொத்து யாருடையது, அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பது தெரிந்தால்தான் சம்மதம் வாங்க முடியும். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

கடையில் பாட்டுப் போட்டால் பணம் தர வேண்டும் என்பது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1847-ல் பாரிஸ் நகரின் ஓர் உணவு விடுதியில் எர்னஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியரும் அவருடைய நண்பர்களும் தாங்கள் குடித்த பானத்துக்குப் பணம் தர மறுத்தார்கள். எங்கள் பாடல்களைப் பணம் தராமல் பாடவைத்து வியாபாரம் செய்கிறீர்களே, உங்கள் பானத்துக்கு மட்டும் நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டார்கள். நீதிமன்றம் படைப்பாளிகளின் பக்கம் நின்றது. அந்த வெற்றியிலிருந்துதான் 1851-ல் படைப்பாளிகளுக்காகக் கட்டணம் வசூலிக்கும் சாசெம் என்ற பிரெஞ்சுச் சங்கம் பிறந்தது. 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. நியூயார்க்கின் ஷேன்லி உணவகம், நாங்கள் சாப்பாட்டுக்குத்தான் காசு வாங்குகிறோம், பாட்டுக்குத் தனியாக வாங்குவதில்லை என்று வாதாடியது. நீதிபதி ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. உணவகத்துக்கு வருகிறவர் அங்குள்ள சூழலுக்கும் சேர்த்தே பணம் தருகிறார், இசை அந்தச் சூழலின் பங்கு, அதில் ஆதாயம் இல்லையென்றால் முதலாளி அதை என்றோ நிறுத்தியிருப்பார் என்பது அவர் கருத்தின் சாரம். நூறாண்டு கடந்தும் அந்த வாதத்துக்கு மறுப்பு வரவில்லை. குளிர்சாதனத்துக்கும் அலங்கார விளக்குக்கும் வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் வாங்காத ஓட்டல், அவற்றுக்கான செலவைத் தான் ஏற்கத்தான் செய்கிறது.

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதே கொள்கையில் நிற்கிறது. ஒரு திரைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். வரிகள் பாடலாசிரியரின் இலக்கியப் படைப்பு. மெட்டு இசையமைப்பாளரின் இசைப் படைப்பு. அரங்கில் பதிவான ஒலி, தயாரிப்பாளரோ இசை நிறுவனமோ வைத்திருக்கும் மூன்றாவது உரிமை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. ஓட்டலில் பதிவுசெய்த பாட்டைப் போட்டால் இத்தனை உரிமைகளும் ஒருசேரப் பயன்படுகின்றன. மேடையில் ஆர்கெஸ்ட்ரா பாடினால் ஒலிப்பதிவைத் தொடவில்லை; வரியும் மெட்டும்தான் பயன்படுகின்றன. காலக் கணக்கும் வேறு வேறு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே 1950-களில் வெளியான ஓர் இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை காலாவதியாகிவிட்டது. ஆனால் அதில் உள்ள வரிகள் 1981-ல் மறைந்த கண்ணதாசனுடையவை என்றால் 2041 வரையிலும், மெட்டு 2015-ல் மறைந்த எம்.எஸ்.விஸ்வநாதனுடையது என்றால் 2075 வரையிலும் உரிமை உயிரோடு இருக்கும். பழைய பாட்டுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு சட்டத்தின் முன் நிற்காது.

இந்தக் கட்டணம் படைத்தவர்களைச் சேர வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் நீண்ட போராட்டம் நடந்திருக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காக எழுதச் சொன்ன பாட்டின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி, சுருக்கமாக ஐபிஆர்எஸ், கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கு எதிராக நடத்திய வழக்கு அது. அதே தீர்ப்போடு தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லாத குறையைச் சுட்டிக்காட்டினார். ஒருமுறை சம்பளம் வாங்கியதோடு பாடலாசிரியரின் கணக்கு முடிந்துவிடும் நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2012-ல் வந்த திருத்தம் அதை மாற்றியது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அதற்காக வாதாடினார். திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர்த்து, வேறு எந்த வழியில் பாட்டுப் பயன்பட்டாலும் அதில் கிடைக்கும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே நினைத்தாலும் வாரிசுக்கோ பதிவு பெற்ற உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ஓட்டலில் ஒலிக்கும் பாட்டு, திரையரங்குக்கு வெளியே நடக்கும் பயன்பாடுதான். ஓட்டல்காரர் கட்டும் பணத்துக்கு நியாயம் தருவது இந்தத் திருத்தம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் பார்க்க வேண்டும். மாதச் சந்தா கட்டித்தானே பாட்டுக் கேட்கிறேன், மறுபடியும் எதற்குப் பணம் என்பது ஒன்று. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் சந்தாவை விற்பது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. வியாபார இடத்தில் போடுவதை அவற்றின் நிபந்தனைகளே விலக்குகின்றன. எங்கள் கடையில் ஒலிப்பதால் பாட்டுக்கு இலவச விளம்பரம் கிடைக்கிறதே என்பது இன்னொன்று. விளம்பரம் தேவையா என்று முடிவுசெய்ய வேண்டியவர் பாட்டுக்கு உரியவர். அவருக்காகக் கடைக்காரர் முடிவெடுக்க முடியாது. பாட்டு மக்கள் சொத்து, அதற்கு விலை வைக்கலாமா என்ற வாதம் தமிழர் நெஞ்சைத் தொடக்கூடியது. பாரதியார் பாடல்கள் பொதுவாக்கப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. அந்த வரலாறு என்ன சொல்கிறது? 1949-ல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைப் பெற்றது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏவி.மெய்யப்பன் அதை விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தாருக்கு அரசு பணம் கொடுத்தது. உரிமையை மதித்து, உரியவர்களுக்குத் தந்து, பிறகே பொதுவாக்கினார்கள். ஒரு தனியார் ஓட்டல் தன் லாபத்துக்காகத் தானாகவே ஒரு பாட்டைப் பொதுவாக்கிக்கொள்வதற்கு இந்த வரலாறு துணை நிற்காது.

கல்யாண வீட்டுப் பாட்டு மட்டும் தனிக் கதை. மதச் சடங்கின்போது பாட்டு ஒலிப்பது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு இணைந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. ஆகவே மண்டபத்தில் முகூர்த்தத்தின்போது ஒலிக்கும் பாட்டுக்குக் கட்டணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சொகுசு ரிசார்ட்டில் மூன்று நாள் நடக்கும் கல்யாணத்தில் டி.ஜே. வைத்து ஆடும் இரவும் இதில் சேருமா? சேரும் என்ற பொருளில் பதிப்புரிமை அலுவலகம் 2019-ல் வெளியிட்ட அறிவிப்பைப் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2022-ல் ரத்து செய்தது. 2023-ல் மத்திய அரசு மீண்டும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதையொட்டி 2024 ஜனவரியில் கோவா அரசு வெளியிட்ட சுற்றறிக்கையை அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ரத்து செய்தது. இதே கேள்வியை ஆழமாக ஆராய டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சட்ட அறிஞரின் உதவியை நாடிய வழக்கோ, தீர்ப்பு வரும் முன்பே சமரசத்தில் முடிந்தது. சட்டத்தின் சொற்களை விரிக்கவோ சுருக்கவோ சுற்றறிக்கையால் முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்வது சரி. அப்படியானால் நாடாளுமன்றம் அந்த விளக்கத்தைத் தெளிவாக எழுத வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு வழக்கு நடத்தி எல்லையை வரைய முடியாது.

இனி இரண்டாவது கேள்வி. ஓட்டல்காரரின் கதவைத் தட்டுபவர்கள் பலர். வரிக்கும் மெட்டுக்கும் 1969-ல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ். அது 2017-ல் மீண்டும் பதிவு பெற்ற சங்கம். பாடகர்களுக்கு 2013-ல் இஸ்ரா என்ற பெயரில் உருவான சங்கம். ஒலிப்பதிவுக்கு 1941 முதல் இயங்கும் ஃபோனோகிராஃபிக் பெர்ஃபார்மன்ஸ் லிமிடெட், அதாவது பிபிஎல், தனியாக நோவெக்ஸ், 2021-ல் சங்கமாகப் பதிவு பெற்ற ஆர்எம்பிஎல். பாடல்களுக்கு உரிமம் வழங்குவதைத் தொழிலாகச் செய்ய வேண்டுமானால் பதிவு பெற்ற சங்கமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 33-வது பிரிவு. ஒரு வகைப் படைப்புக்குப் பொதுவாக ஒரு சங்கத்துக்கு மேல் பதிவு தரக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆனால் 30-வது பிரிவு, உரிமையாளர் தானே உரிமம் தரலாம் என்கிறது. பிபிஎல்லும் நோவெக்ஸும் பதிவு பெற்ற சங்கங்களாக இல்லை. இசை நிறுவனங்களிடமிருந்து உரிமையை எழுதி வாங்கியிருக்கிறோம், ஆகவே நாங்களே உரிமையாளர்கள் என்பது அவர்கள் தரப்பு.

இந்த வாதத்தை 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. நிறுவன விழாக்களில் பாட்டுப் போட்டதற்காக இரண்டு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் மீது நோவெக்ஸ் தொடுத்த வழக்கு அது. உரிமம் வழங்குவதைத் தொழிலாக நடத்தப் பதிவு கட்டாயம் என்றது தீர்ப்பு. 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் நேர்மாறாகச் சொன்னது: உரிமையை எழுதி வாங்கியவர் உரிமையாளரே, அவர் உரிமம் தரலாம். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஓர் உணவக நிறுவனத்துக்கு எதிராக பிபிஎல் தொடுத்த வழக்கில், பதிவு பெற்ற சங்கமாகவோ அத்தகைய சங்கத்தின் உறுப்பினராகவோ இல்லாமல் உரிமம் வழங்க முடியாது என்று கூறி, ஆர்எம்பிஎல் கட்டண விகிதப்படி பணம் செலுத்தச் சொன்னது. சில நாட்களிலேயே, அப்படிச் செலுத்தச் சொன்ன பகுதியை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஒரே சட்டம், ஒரே பாட்டு. ஓட்டல் சென்னையில் இருந்தால் ஒரு பதில், மும்பையில் இருந்தால் வேறு பதில். பல ஊர்களில் கிளை வைத்திருப்பவர் என்ன செய்வார்?

இந்தக் குழப்பத்தின் சுமை நேர்மையானவர் தலையில்தான் விழுகிறது. எதுவும் கட்டாமல் துணிந்து நடத்துகிறவர் மாட்டும்வரை லாபத்தில் இருக்கிறார். கட்ட விரும்புகிறவரோ ஒருவரிடம் கட்டிய பிறகு இன்னொருவரிடமிருந்து நோட்டீஸ் பெறுகிறார். அன்று மாலை எந்தப் பாட்டு ஒலிக்கும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. அந்தப் பாட்டு யார் பட்டியலில் இருக்கிறது என்று சரிபார்க்க எளிய வழியும் இல்லை. பிழை செய்தால் வருவது சிறிய அபராதமும் இல்லை. தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 63-வது பிரிவு. லாபத்துக்காக இடத்தைக் கொடுத்து, அங்கே உரிமை மீறல் நடந்தால் இடம் கொடுத்தவரும் பொறுப்பாளியே. தனக்குத் தெரியாது, சந்தேகிக்கவும் காரணமில்லை என்று காட்டினால்தான் அவர் தப்பலாம். இவ்வளவு கடுமையான தண்டனையை வைத்திருக்கும் அரசு, எப்படிச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பது என்ற வழியையும் அதே தெளிவோடு காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.

உரிமையாளர் தரப்புக்கும் வலுவான ஒரு மறுப்பு உண்டு. என் சொத்தை நானே விற்கக் கூடாதா, ஒரு சங்கத்தில் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று ஏன் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஓர் இசை நிறுவனம் தன் பாடல்களுக்குத் தானே நேரடியாக உரிமம் தருவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பல நிறுவனங்களின் பாடல்களை ஒரே கையில் திரட்டி, நாடு முழுவதும் உள்ள ஓட்டல்களிடம் மொத்தமாகக் கட்டணம் வாங்குபவர் செய்வது சங்கத்தின் வேலையைத்தான். பெரும்பாலான பாடல்கள் ஒருவர் கையில் சேர்ந்தபின் அவர் சொன்னதே விலை. மாற்றுக் கடை கிடையாது. அதற்காகத்தான் சட்டம் சங்கங்கள் மீது நிபந்தனைகளை வைத்திருக்கிறது. கட்டண விகிதத்தை வெளியிட வேண்டும். அதை எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் படைப்பாளிகளும் உரிமையாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி ஆண்டுதோறும் வெளிப்படைத்தன்மை அறிக்கை தர வேண்டும். உரிமையை எழுதி வாங்கிவிட்டோம் என்ற ஒரு பத்திரத்தால் இத்தனை கடமைகளையும் கடந்துவிடலாம் என்றால், பாடலாசிரியருக்காக 2012-ல் கட்டிய காப்புச் சுவரில் பெரிய ஓட்டை விழுந்துவிடும்.

வெளிநாட்டு அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. பிரிட்டனில் வரி, மெட்டு ஆகியவற்றுக்கு ஒரு சங்கமும் ஒலிப்பதிவுக்கு இன்னொரு சங்கமுமாக நீண்ட காலம் இருந்தன. 2018-ல் இரண்டும் சேர்ந்து லெஸ்டர் நகரில் ஒரு கூட்டு நிறுவனத்தை நிறுவி, ஒரே உரிமம், ஒரே ரசீது என்று மாற்றின. கடைக்காரர் ஒரு கதவைத் தட்டினால் போதும். பணத்தைப் பிரித்துக்கொள்வது சங்கங்களின் வேலை. அமெரிக்கா வேறு வழியில் போனது. 1998-ல் ஒரு சட்டம் இயற்றி, 3,750 சதுர அடிக்கு உட்பட்ட உணவகங்கள் வானொலி, தொலைக்காட்சி வழியாக வரும் இசைக்குக் கட்டணம் தரத் தேவையில்லை என்றது. ஐரோப்பிய ஒன்றியம் முறையிட, 2000-ல் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு அந்த விலக்கு அளவுக்கு மிஞ்சியது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கா சட்டத்தை மாற்றாமல் 33 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. சிறு கடைகளின் சுமையைக் குறைக்க முழு விலக்கை விடச் சிறு கட்டணமே நல்ல வழி என்பதை இது காட்டுகிறது. நான்கு மேசை போட்ட தேநீர்க் கடைக்கும் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கும் ஒரே அளவுகோல் இருக்கக் கூடாது. ஆனால் சிறியவருக்கும் ஒரு தொகை, அவர் தயங்காமல் கட்டக்கூடிய தொகை, இருக்கலாம்.

ஒற்றைச் சாளரம் வந்தால் ஏகபோகம் வந்து விலை ஏறுமே என்று கேட்கலாம். இன்றும் ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலுக்கு ஏகபோகம்தான். ஒருவருடைய உரிமம் இன்னொருவருடையதற்கு மாற்றாகாது. விலையைக் கட்டுக்குள் வைப்பது கண்காணிப்புதான். அதற்கென இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டு அதன் வேலை நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. தேனியில் சிறு ஓட்டல் நடத்துபவர் கட்டணம் அதிகம் என்று முறையிட நீதிமன்றப் படியேற வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. எளிதாக அணுகக்கூடிய ஒரு தீர்வு மன்றம், எல்லாச் சங்கங்களின் பாடல் பட்டியலையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் பொதுத் தளம், இருக்கை எண்ணிக்கையையோ பரப்பளவையோ வைத்துக் கணக்கிடும் ஒரே கட்டணம், வசூலான பணம் யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு ஆகியவை வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டத் தத்துவம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றினாலே போதும்.

அதுவரை ஓட்டல், மண்டப உரிமையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மேடைக் கச்சேரியும் ஒலிப்பதிவும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு என்பதை நினைவில் வைத்து, எது தேவையோ அதற்கான உரிமத்தை மட்டும் கேட்கலாம். கட்டணம் கேட்டு வருபவரிடம் அவருடைய பாடல் பட்டியலையும், உரிமை எழுதி வாங்கியதற்கான ஆவணத்தையும், சங்கம் என்றால் பதிவு விவரத்தையும் எழுத்தில் கேட்பது அவர்களின் உரிமை. இடத்தை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில் இசை உரிமத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதனால் மட்டும் பொறுப்பு முழுவதும் நீங்கிவிடாது என்றாலும், பின்னால் வரும் தகராறைக் குறைக்கும். ஓட்டல் சங்கங்கள் தனித்தனியாகப் பேரம் பேசாமல் கூட்டாகப் பேசினால் சிறியவர்களுக்கும் நியாயமான விகிதம் கிடைக்கும்.

பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பங்கு உண்டு என்பதை நாடாளுமன்றம் 2012-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பங்கு அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், பணம் கட்டுகிற லட்சக்கணக்கான சிறு வணிகர்கள் அந்த ஏற்பாட்டை நம்ப வேண்டும். நோட்டீசுக்குப் பயந்து கட்டுகிற பணம் நோட்டீஸ் நின்றதும் நின்றுவிடும். ரசீதைப் பார்த்து, இது இன்னாருக்குப் போகிறது என்று தெரிந்து கட்டுகிற பணம்தான் ஆண்டுதோறும் வரும். உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருக்காமல், யாரிடம், எவ்வளவு, எந்தக் கணக்கில் என்ற மூன்றுக்கும் மத்திய அரசு விதியில் பதில் எழுத வேண்டும். கடமையை விதித்தவர்கள் அதை நிறைவேற்றும் வழியையும் திறந்துவிட வேண்டும்.